முதல் செமஸ்டரில் என்ன எடுத்தீர்கள்? மருத்துவ வழியை மூடிக்கொள்ளாமல் பாடம் தேர்வு செய்த அனுபவம் சொல்லுங்கள்

எடிசன், நியூ ஜெர்சி (அம்மா)

வணக்கம். மகள் இந்த ஆகஸ்ட் கடைசியில் ஸ்டேட் யூனிவர்சிட்டியில் சேருகிறாள். போன வாரம் ஓரியண்டேஷன். காலை முழுக்க வரவேற்புரை, கேம்பஸைச் சுற்றிக் காட்டுவது என்று போய்விட்டது. பாடம் தேர்வு செய்ய ஆலோசகரோடு கிடைத்தது இருபதே நிமிஷம். "ப்ரீ-மெடா?" (மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகிறாயா) என்று கேட்டிருக்கிறார். "இன்னும் முடிவு பண்ணலை, ஆனா அந்த வழி அடைபடக் கூடாது" என்று இவள் சொல்ல, கெமிஸ்ட்ரி, பயாலஜி, கால்குலஸ், பிசிக்ஸ் நான்கையும் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்.

நான் மதுரையில் பிளஸ் டூ முடித்தவள். மார்க் வந்தது, கட்-ஆஃப் பார்த்தோம், மெடிக்கல் இல்லை என்று தெரிந்ததும் பி.இ. கவுன்சலிங்குக்கு பஸ் ஏறினோம். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது. இங்கே நான்கு வருஷ டிகிரிக்குப் பிறகுதான் மெடிக்கல் ஸ்கூல். ப்ரீ-மெட் என்று ஒரு மேஜரே (முதன்மைப் பாடம்) கிடையாது என்பதே எனக்குப் போன மாதம்தான் தெரியும். அவளுக்கு மொழியியல் மேல் ஆசை. அவள் அப்பா, "பயாலஜி மேஜர் எடுத்துடு, வம்பே இல்லை" என்கிறார். என்னென்ன பாடம் வேண்டும் என்ற பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கிறது. அதை எந்த வரிசையில், எவ்வளவு சுமையோடு எடுப்பது என்பதுதான் புரியவில்லை. உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ நடந்ததைச் சொல்லுங்கள்.

ஒஹாயோ (இன்டர்னல் மெடிசின் ரெசிடென்ட், அதாவது பயிற்சி டாக்டர், இரண்டாம் வருஷம்)

அக்கா, அந்த நான்கையும் ஒன்றாக எடுக்க விடாதீர்கள். அதே நான்கை ஒரே செமஸ்டரில் எடுத்தவன் நான்.

ஹைஸ்கூலில் 95-க்குக் கீழே பார்த்ததில்லை. கெமிஸ்ட்ரி வகுப்பில் 300 பேருக்கு மேல். முதல் மிட்டெர்மில் எனக்கு 52, வகுப்புச் சராசரி 61. அன்று ராத்திரி அம்மா போனில் "சாப்டியாடா, எக்ஸாம் எப்படிப் பண்ணே?" என்றார். "நல்லாப் பண்ணேன்மா" என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டேன். அந்தப் பொய்தான் என்னை ஐந்து வாரம் பின்னுக்குத் தள்ளியது. யாரிடமும் கேட்கவில்லை. பிசிக்ஸ் லேப் ரிப்போர்ட் ஒரு பக்கம், கால்குலஸ் வீட்டுப்பாடம் ஒரு பக்கம். கெமிஸ்ட்ரிக்குக் கிடைத்தது சனி, ஞாயிறு மட்டும்தான்.

இரண்டாவது மிட்டெர்மும் போன பிறகுதான், பேராசிரியரின் உதவியாளரான டி.ஏ.வை, சந்தேகம் கேட்பதற்கென்று அவர் ஒதுக்கும் ஆபீஸ் ஹவர்ஸில் பார்க்கப் போனேன். மூன்றே பேர் இருந்தோம். அவர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நாலு நிறத்தில் அடிக்கோடு போட்டு அழகாக இருக்கும். "இதுல நீயே போட்ட கணக்கு எங்கே?" என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, போர்டில் ஒரு கணக்கைப் போடச் சொன்னார். என்னால் இரண்டாவது வரியைத் தாண்ட முடியவில்லை. அதற்குள் பாடத்தை விலக்கிக்கொள்ளும் கடைசித் தேதியும் போயிருந்தது. முடிவில் சி ப்ளஸ்.

திரும்ப எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். யூனிவர்சிட்டியின் கணக்கில் பழைய கிரேடை மாற்றித் தரலாம், ஆனால் எம்.டி. (இங்கே டாக்டர் பட்டம்) பள்ளிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ் இரண்டு கிரேடையும் சேர்த்துத்தான் சராசரி போடும். அது மட்டுமில்லை, பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணிதம் இந்த நான்குக்கும் தனியாக இன்னொரு ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) எடுப்பார்கள். முதல் செமஸ்டரில் நான்கும் அந்தக் கூடைக்குள் விழுந்தால், சறுக்கும்போது நான்கும் சேர்ந்து சறுக்கும். எனக்கு அதுதான் நடந்தது.

அடுத்த செமஸ்டரில் சயின்ஸ் இரண்டே இரண்டு. சி ப்ளஸ்ஸைத் திரும்ப எடுக்கவில்லை. அடுத்த நிலைப் பாடங்களில் நன்றாகச் செய்து காட்டு என்று ஆலோசகர் சொன்னார். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ஏ மைனஸ், பயோகெமிஸ்ட்ரியில் ஏ. முதல் தடவை விண்ணப்பித்தபோது எங்கும் கிடைக்கவில்லை. எமர்ஜென்சியில் டாக்டருக்குக் குறிப்பெடுக்கும் ஸ்க்ரைப் வேலை பார்த்துக்கொண்டே மறுபடி விண்ணப்பித்தேன். நேர்காணலில் ஒருவர் நேராக அந்த சி ப்ளஸ் மேல் விரலை வைத்தார். டி.ஏ. போர்டில் கணக்குப் போடச் சொன்ன கதையைத்தான் சொன்னேன். அங்கேதான் இடம் கிடைத்தது.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்: கெமிஸ்ட்ரி. ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர், அது முடிந்தால்தான் ஆர்கானிக், அது முடிந்தால்தான் பயோகெமிஸ்ட்ரி. மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 2015 முதல் பயோகெமிஸ்ட்ரி நிறைய வருகிறது. மூன்றாம் வருஷ வசந்தத்தில் அந்தப் பரீட்சை எழுத வேண்டுமானால் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். முதல் செமஸ்டரிலேயே கெமிஸ்ட்ரி தொடங்கியாக வேண்டும். பிசிக்ஸ் மூன்றாம் வருஷம் வரை காத்திருக்கும். பயாலஜியும் ஒரு செமஸ்டர் பொறுக்கும்.

எடிசன் (அம்மா)

தம்பி, படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. இவ்வளவும் எழுதியதற்கு நன்றி. ஒரே ஒரு கேள்வி: பயாலஜி மேஜராகத்தான் இருக்க வேண்டுமா?

ஒஹாயோ (ரெசிடென்ட்)

இல்லை அக்கா. என் மெடிக்கல் ஸ்கூல் வகுப்பில் இசை படித்தவர் ஒருவர், வரலாறு படித்தவர் ஒருவர் இருந்தார்கள். வருஷத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் விண்ணப்பிக்கிறார்கள், சுமார் இருபத்துமூன்றாயிரம் பேர் எம்.டி. பள்ளிகளில் சேருகிறார்கள். சேருகிறவர்களின் சராசரி ஜிபிஏ 3.8-ஐ ஒட்டி, எம்கேட் 511, 512 என்று இருக்கும். விகிதம் பார்த்தால் இலக்கியம், தத்துவம் படித்தவர்கள் பயாலஜிக்காரர்களுக்குக் குறைவாகச் சேருவதில்லை. விரும்பிப் படிக்கிற பாடத்தில்தான் ஏ வரும். மொழியியல் மேஜரோடு இந்தச் சயின்ஸ் பாடங்களையும் முடித்தால் போதும்.

டாலஸ், டெக்சாஸ் (அப்பா)

என் மகன் ஏபி (ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரி அளவுப் பரீட்சை) கெமிஸ்ட்ரியில் 5, அதாவது முழு மதிப்பெண், வாங்கினான். ஏபி பயாலஜி, ஏபி கால்குலஸ் எல்லாமே 5. எட்டு மாதப் படிப்பு மிச்சம், அத்தனை டாலர் மிச்சம் என்று வீட்டில் கணக்குப் போட்டு, ஜெனரல் கெமிஸ்ட்ரியைத் தாண்டி முதல் செமஸ்டரிலேயே ஆர்கானிக்கில் சேர்த்துவிட்டோம். சேர்த்தது நான்தான். அவன் தயங்கினான்.

பக்கத்து சீட்டில் எல்லாம் இரண்டாம் வருஷப் பிள்ளைகள். கல்லூரிப் பரீட்சை எப்படி இருக்கும், லேப் பார்ட்னரை எப்படிப் பிடிப்பது, இதெல்லாம் அவர்களுக்கு ஒரு வருஷப் பழக்கம். இவனுக்கு வாஷிங் மெஷினில் எவ்வளவு சோப்பு போடுவது என்பதே புதிது. பி மைனஸ் வந்தது. கெட்ட கிரேடு இல்லைதான், ஆனால் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. தாங்க்ஸ்கிவிங்குக்கு வந்தவன் மூன்று நாளும் அதிகம் பேசவில்லை.

ஏபியில் இன்னொரு விஷயமும் உண்டு. டெக்சாஸ் மெடிக்கல் பள்ளிகளுக்குத் தனி விண்ணப்பம், டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட்டில் ஏபி கிரெடிட் பாடப் பெயரோடு ஏறியிருந்தால் இங்கே பெரும்பாலும் ஏற்கிறார்கள். வெளி மாநிலப் பள்ளிகள் பலவும் ஏற்பதில்லை, அல்லது அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்று கேட்கிறார்கள். டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் வெளி மாநிலத்தவருக்கு 10 சதவீதத்துக்கு மேல் இடம் தரக் கூடாது என்று சட்டமே இருப்பதால் எங்களுக்கு இது ஓரளவு சாதகம். நியூ ஜெர்சிக் குடும்பம் அப்படி நம்பி இருக்க முடியாது. ஏபி 5 இருந்தாலும் ஜெனரல் கெமிஸ்ட்ரியை உங்கள் மகள் முதலிலிருந்தே எடுக்கட்டும். தெரிந்த பாடம் ஒன்று கையில் இருந்தால் அந்த முதல் செமஸ்டரில் மூச்சுவிட இடம் இருக்கும். என் மகனுக்கு நான் அதைத் தரவில்லை.

டொரொண்டோ (அன்ரி)

இஞ்ச கனடாவில நிலைமை கொஞ்சம் வேற. மக்மாஸ்டர் மெடிக்கல் ஸ்கூலில இந்தப் பாடம் கட்டாயம் எண்டு ஒண்டும் கேக்கேல்லை. மூண்டு வருசம் யூனிவர்சிட்டி முடிச்சிருக்க வேணும். ஜிபிஏ, காஸ்பர் (இக்கட்டான நேரத்தில என்ன செய்வீங்கள் எண்டு பாக்கிற சோதினை), எம்கேட்டில வாசிச்சு விளங்கிற பகுதி, இவ்வளவும்தான் முதல்ல பாப்பினம். அந்தப் பகுதியில 90 நிமிசத்தில 53 கேள்வி, ஒண்டிலயும் சயின்ஸ் இல்லை. என்ர மகளுக்கு அதிலதான் பயம். முதல் வருசத்தில ஒரு தத்துவப் பாடம் எடுத்தவள், கிழமைக்கு நூறு பக்கம் வாசிக்க வேணும். "இதை ஏன் எடுத்தனி?" எண்டு நான் சண்டை பிடிச்சனான். எம்கேட் எழுதேக்க அந்த வாசிப்புத்தான் கைகுடுத்தது. உங்கட பிள்ளை மொழியியல் எடுக்கட்டும், தடுக்காதேங்கோ.

ஃபிரீமான்ட், கலிபோர்னியா (அம்மா)

எல்லாரும் கிரேடைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் விசாவைப் பற்றி எழுதுகிறேன். எச்-4-ல் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) வளரும் பிள்ளை உள்ள வீடுகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

மகள் நாலு வயதில் இந்த நாட்டுக்கு வந்தாள். பாலர் பள்ளியிலிருந்து இங்கேதான். எங்கள் கிரீன் கார்டு வரிசை நகரவே இல்லை. 21 வயதோடு எச்-4 முடிந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும். எஃப்-1 (மாணவர் விசா) எடுத்துக்கொள்வாள், அவ்வளவுதானே என்று நினைத்தோம். முதல் வருஷம் கெமிஸ்ட்ரி, பயாலஜி, சைக்காலஜி என்று எல்லாம் சரியாக எடுத்தாள். ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் தன்னார்வ வேலை. கிரேடும் நன்றாகவே இருந்தது.

மூன்றாம் வருஷம் ப்ரீ-ஹெல்த் ஆலோசகரைப் பார்க்கப் போனாள். அவர் அன்பானவர். விண்ணப்பிக்கப் போகும் பள்ளிகளின் பட்டியலை இவள் நீட்டியதும், "உன் குடியுரிமை என்ன?" என்று கேட்டிருக்கிறார். பிறகு பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்திருக்கிறார். அரசு மெடிக்கல் பள்ளிகள் பலவும் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே சேர்க்கின்றன. எஃப்-1 மாணவர்களைச் சேர்க்கும் தனியார் பள்ளிகள் கொஞ்சம் உண்டு; ஆனால் மத்திய அரசின் கல்விக்கடன் கிடையாது, சில இடங்களில் நான்கு வருஷப் பணத்தையும் முன்கூட்டியே வங்கியில் கட்டிக் காட்டச் சொல்கிறார்கள். முப்பது பள்ளி எழுதியிருந்தாள். எட்டுதான் மிஞ்சியது. அன்று சாயங்காலம் காரில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தாள். "அம்மா, நான் எங்கேயும் தப்புப் பண்ணலையே?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவளைத் தாங்கிப் பிடித்தது முதல் வருஷத்தில் தற்செயலாக எடுத்த ஸ்டாடிஸ்டிக்ஸ். கால்குலஸைக் கட்டாயமாகக் கேட்கும் மெடிக்கல் பள்ளிகள் குறைவு, ஸ்டாடிஸ்டிக்ஸ்தான் ஆராய்ச்சிக் கட்டுரை படிக்க உதவும் என்று ஒரு சீனியர் சொன்னதால் எடுத்தாள். அது பிடித்துப்போய் இரண்டாம் வருஷமும் தொடர்ந்தாள். இப்போது பயோஸ்டாடிஸ்டிக்ஸ் மாஸ்டர்ஸ் படிக்கிறாள். மருத்துவத்தை விட்டுவிட்டாளா என்று கேட்டால், "இன்னும் இல்லை" என்கிறாள்.

ஊருக்கு அனுப்பி எம்.பி.பி.எஸ். படிக்க வைக்கலாமே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அதற்கு பிளஸ் டூ அளவிலேயே பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி படித்து நீட் எழுதியிருக்க வேண்டும். இருபது வயதில் அதைத் தொடங்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

உங்கள் வீட்டில் எச்-4 என்றால், பாடம் தேர்வு செய்யும் முன்பே எந்தெந்தப் பள்ளி எஃப்-1 மாணவர்களைச் சேர்க்கிறது என்று பாருங்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி.யின் எம்.எஸ்.ஏ.ஆர். என்ற தளத்தில் பள்ளிவாரியாக இருக்கிறது. அதை 18 வயதிலேயே பிள்ளையிடம் சொல்லுங்கள். மனசு உடைந்துவிடும் என்று பயந்து நாங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சிகாகோ (ஜெனடிக் கவுன்சலர்)

நான் பாதியில் வழி மாறியவள். முதல் வருஷம் கெமிஸ்ட்ரியோடு சைக்காலஜி எடுத்தேன், எம்கேட்டில் சைக்காலஜியும் சோஷியாலஜியும் உண்டு என்பதற்காக மட்டும். இரண்டாம் வருஷம் ஒரு டாக்டரோடு கூடவே இருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் நோயாளியிடம் பேசிய நேரம் குறைவு. பரம்பரை நோய் பற்றி அந்தக் குடும்பத்துக்கு உட்கார்ந்து விளக்கியவர் பக்கத்து அறைக் கவுன்சலர். நான் அந்த அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எடுத்த ஒரு பாடமும் வீண் போகவில்லை. இந்தப் படிப்புக்கும் கெமிஸ்ட்ரி, ஜெனடிக்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ், சைக்காலஜி எல்லாம் கேட்டார்கள்.

எடிசன் (அம்மா)

எல்லாவற்றையும் மகளும் நானும் சேர்ந்து படித்தோம். ஃபிரீமான்ட் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. இவள் இங்கே பிறந்தவள், எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அவளுடைய நெருங்கிய தோழி எச்-4. அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு அந்தத் தளத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

ஆலோசகருக்கு மின்னஞ்சல் எழுதிப் பட்டியலை மாற்றிவிட்டோம். கெமிஸ்ட்ரி லேபோடு, ஸ்டாடிஸ்டிக்ஸ், எழுத்துப் பயிற்சி, மொழியியல் அறிமுகம், ஒரு கிரெடிட்டுக்கு முதல் வருஷ செமினார். மொத்தம் 14 கிரெடிட். பயாலஜி ஜனவரியில். பிசிக்ஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏபி கெமிஸ்ட்ரியில் அவளுக்கு 4 இருக்கிறது. டாலஸ் அண்ணன் சொன்னபடி அதைப் பயன்படுத்தவில்லை. அவள் அப்பா பட்டியலைப் பார்த்து, "பயாலஜியே காணோமே" என்றார். கெமிஸ்ட்ரி வரிசையைத் தாளில் வரைந்து காட்டியதும் தலையாட்டினார். மதுரையில் இருக்கும் தாத்தாவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. "பயாலஜி இல்லாம என்னம்மா டாக்டரு?" என்று வீடியோ காலில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

தம்பி, உங்கள் டி.ஏ. கதையைப் படித்ததிலிருந்து, நோட்டை மூடி வைத்துவிட்டுக் கணக்குப் போட ஒரு வெள்ளைப் பலகை வேண்டும் என்கிறாள். சனிக்கிழமை கடைக்குப் போகிறோம். லேபுக்குக் கண்ணாடியும் கோட்டும்கூட வாங்க வேண்டும்.