யோகா மறுபடி ஆரம்பிச்சு 9 நாள், உட்கார முடியல. யாராவது சொல்லுங்க

மல்லிகை_ஈசூன் | திங்கள், காலை 8:12
வணக்கம். ரொம்ப நாள் கழிச்சு யோகா மறுபடி ஆரம்பிச்சேன். நல்லாத்தான் போச்சு. இப்போ உட்கார்ந்தா வலது பக்கம் பின்னாடி வலிக்குது. இன்னும் கொஞ்சம் நல்லா நீட்டினா சரியாயிடுமா, இல்ல விட்டுடணுமா? ரயில்ல நின்னுக்கிட்டு டைப் பண்றேன், தப்பிருந்தா மன்னிக்கவும். நாளைக்கும் செய்யணும், சீக்கிரம்.

தெம்பனிஸ்_தம்பி | 8:20
அக்கா, ரொம்ப நாள்னா எத்தனை நாள்? பின்னாடின்னா முதுகா, இடுப்பா, தொடையா? வயசு? என்னென்ன ஆசனம்? ஒண்ணுமே சொல்லாம கேட்டா நாங்க என்ன ஜோசியமா பாக்குறது?

கோப்பி_ஓ_கொசோங் | 8:31
தரைதான் காரணம். வீவக (சிங்கப்பூர் அரசாங்க அடுக்குமாடி) வீட்டு டைல்ஸ்ல மெல்லிசு மேட் போட்டுச் செஞ்சா எலும்பு வலிக்காம என்ன செய்யும்? மேட் எத்தனை மிமீ?

தைல_மன்னன் | 8:44
கோடாலித் தைலம் தேய்ச்சு சுடுதண்ணி ஒத்தடம். ஊருக்குப் போறப்போ பெட்டி நிறைய வாங்கி அடைக்கிறோம், இங்க இருக்கிற நமக்கு அதோட அருமை தெரியல.

யோகதீபன் | 9:05
முதலில் ஒரு திருத்தம். அது யோகா அன்று, யோகம். இரண்டாவது, இதே கேள்விக்கு நான் இங்கேயே பலமுறை விடை எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு ஆசனம் எப்படிக் கைகூடும்? குருமுகமாகக் கற்றிருந்தால் இந்த நிலை வந்திராது.

தெம்பனிஸ்_தம்பி | 9:09
வந்துட்டார்யா.

மல்லிகை_ஈசூன் | மதியம் 12:40
சாப்பாட்டு நேரம், இப்பத்தான் பார்த்தேன். 2020 ஏப்ரல்ல கொரோனாவுக்கு சர்க்யூட் பிரேக்கர்னு ஊரடங்கு வந்தப்போ சமூக மன்றத்து வகுப்பு நின்னுச்சு, அதோட சரி. அதுக்கு முன்னாடி 8 வருஷம் விடாம போனவ, குருகிட்டதான் கத்துக்கிட்டேன் யோகதீபன் சார். எல்லாமே ஞாபகம் இருக்கு. முதல் நாளே சூரிய நமஸ்காரம் 12 சுற்று, காலை நீட்டி உட்கார்ந்து குனியுற பச்சிமோத்தாசனத்துல நெத்தி முட்டியைத் தொட்டுச்சு, எனக்கே ஆச்சரியம். வலி முதுகு இல்ல. உட்காரும்போது நாற்காலியில படுற எலும்பு இருக்குல்ல, அங்க. குனிஞ்சு நிமிரும்போது தலை ஒரு சுத்து சுத்தும், அது பசிதான். காலை 5 மணி, வெறும் வயிறு. வயசு 51.

கோப்பி_ஓ_கொசோங் | 12:46
மேட் சொல்லலையே.

ஜூரோங்_வாசுகி | 1:15
அக்கா, தயவுசெஞ்சு நாளைக்கு நீட்டாதீங்க. எனக்கு அச்சு அசல் இதேதான் வந்துச்சு. எம்ஆர்டி ரயில் சீட்ல உட்கார்ந்தா எலும்புக்கடியில ஐம்பது காசு நாணயத்தை வெச்ச மாதிரி ஒரே ஒரு புள்ளியில குத்தும். ஒரு பக்கமாச் சாய்ஞ்சு உட்கார்ந்து பக்கத்து சீட்டுக்காரர்மேல இடிச்சு, அவர் முறைச்சதுதான் மிச்சம்.

அது தொடைக்குப் பின்னாடி இருக்கிற தசை எலும்போட ஒட்டுற இடம், தசைநாண். பழைய ஆளுங்களுக்கு வர்ற கோளாறு இது. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குக் குனியவே வராது, அதனால தப்பிச்சுடுவாங்க. உங்களுக்கும் எனக்கும் குனிய வருது, ஆனா அந்த இழுப்பைத் தாங்குற பலம் போயிருச்சு. தசைக்குச் சில வாரத்துல பலம் திரும்பிடும், தசைநாணுக்கு மாசக்கணக்காகும்னு பிசியோதெரபிஸ்ட் சொன்னாங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க: சூரிய நமஸ்காரத்துல ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை குனியணும். 12 சுற்றுன்னா 24. 9 நாளைக்கு 216. வலது இடது ரெண்டும் சேர்த்து ஒரு சுற்றுன்னு எண்ணுற ஆளா இருந்தா 432. இத்தனை வருஷம் சும்மா கிடந்த நாணுக்கு!

நீட்டினா அப்போதைக்குச் சுகமா இருக்கும், சாயந்திரம் வேலையைக் காட்டும். நான் அப்படி நீட்டி நீட்டியே ரெண்டு மாசத்தை வீணாக்கினேன். கடைசியில சரி பண்ணினது நேர்மாறான வேலை. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, சேதுபந்தாசனம் மாதிரி இடுப்பைத் தூக்கி 30 வினாடி அப்படியே நிறுத்தணும். 5 தடவை. வலி கூடாம இருந்தா பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளி வெக்கலாம். குனியணும்னா முட்டியை மடக்கி, கையை நாற்காலி மேல வெச்சு, பாதி தூரம். எனக்கு வலி முழுசா விட 4 மாசம் ஆச்சு. உங்களுக்கு வேறயா இருக்கலாம், ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க.

தைல_மன்னன் | 1:22
சாதாரண உடம்பு வலிக்கு இவ்வளவு பயமுறுத்தணுமா? ரொம்ப நாள் கழிச்சு செஞ்சா வலிக்கத்தான் செய்யும்.

ஜூரோங்_வாசுகி | 1:30
அந்த வலி ரெண்டு பக்கமும் வரும், ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்துல இறங்கிடும் அண்ணே. ஒரே பக்கம், ஒரே புள்ளி, நாளாக ஆகக் கூடுதுன்னா அது வேற.

இரவு_ஷிஃப்ட்_நர்ஸ் | 2:10
இப்பத்தான் எழுந்தேன். எல்லாரும் வலியையே பிடிச்சுக்கிட்டீங்க, எனக்கு உறுத்துறது அந்தத் தலைசுத்தல். அக்கா, தினமும் ஏதாவது மாத்திரை போடுறீங்களா? வலி முட்டிக்குக் கீழே இறங்குதா, கால் மரத்துப் போகுதா? சிறுநீர், மலம் அடக்க முடியாமப் போனாலோ, தொடை இடுக்குல மரத்துப்போனாலோ இங்க எழுதிட்டு இருக்காதீங்க, நேரா அவசரப் பிரிவு.

யோகதீபன் | 2:35
தலைசுற்றலுக்குக் காரணம் நேரம் தவறிச் செய்வதுதான். ஐந்து மணி என்பதே தாமதம். பிரம்ம முகூர்த்தத்தில், அதாவது நாலு, நாலரைக்கே தொடங்கிவிட வேண்டும். எங்கள் ஊரில் பெரியவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

புளோக்_கீழ்மாடி | 2:50
ஐயா, உங்க ஊர்ல சரி. பிரம்ம முகூர்த்தம் கடிகாரத்துல இல்ல, சூரிய உதயத்துல இருக்கு. உதயத்துக்கு 96 நிமிஷம் முன்னாடி தொடங்கி 48 நிமிஷம் முன்னாடி முடியும். ஊர்ல 6 மணிக்கு விடிஞ்சா 4:24, உங்க கணக்கு சரி. இங்க விடியறதே ஏறக்குறைய 7 மணி. அப்போ 5:24லிருந்து 6:12 வரை. 4 மணிக்கு எழுந்தா அது வெறும் நடுராத்திரி.

யோகதீபன் | 3:02
சூரியன் எல்லாருக்கும் ஒன்றுதான்.

புளோக்_கீழ்மாடி | 3:11
சூரியன் ஒண்ணுதான், கடிகாரம் வேற. சிங்கப்பூர் இருக்கிற இடத்துக்கு கிரீன்விச்சிலிருந்து 7 மணி நேரம்தான் பொருந்தும். நாம 8 வெச்சிருக்கோம். 1982 ஜனவரி 1 வரைக்கும் ஏழரை, அன்னைக்கு மலேசியாவோட சேர்ந்து அரை மணி நேரம் முன்னாடி தள்ளினாங்க. எங்கப்பா அந்த ராத்திரி 11:30க்கே 12 அடிச்சுருச்சுன்னு இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

யோகதீபன் | 3:20
சாத்திரத்தை அரசாங்கக் கடிகாரத்தோடு ஒப்பிடும் அளவுக்கு வந்துவிட்டோம். நல்லது.

தெம்பனிஸ்_தம்பி | 3:24
ஐயா, அவர் சொல்றதுதானே சாத்திரக் கணக்கு? நீங்கதான் ஊர்க் கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க.

இரவு_ஷிஃப்ட்_நர்ஸ் | 3:40
ரெண்டு பேரும் சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்க. நேரத்துல ஒரு விஷயம் உண்மை: எழுந்த உடனே குனியாதீங்க. ராத்திரி முழுக்கப் படுத்திருந்ததுல முதுகுத்தண்டு வட்டெல்லாம் (டிஸ்க்) நீர் கோத்து உப்பியிருக்கும், முதல் ஒரு மணி நேரத்துல ஆழமாக் குனிஞ்சா அதுமேல அழுத்தம் அதிகம். கொஞ்சம் நடமாடிட்டுச் செய்யலாம், இல்ல சாயந்திரம். மல்லிகை அக்கா, மாத்திரை?

மல்லிகை_ஈசூன் | மாலை 6:55
பிரஷர் மாத்திரை போடுறேன், போன வருஷத்திலிருந்து, ராத்திரி ஒண்ணு. அதுக்கும் இதுக்கும் என்ன? பிரஷருக்காகத்தானே யோகாவே ஆரம்பிச்சேன். கால் மரத்துப் போகல.

இரவு_ஷிஃப்ட்_நர்ஸ் | 7:03
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கணும் அக்கா 🙂 மாத்திரை பேர்?

மல்லிகை_ஈசூன் | 7:05
வெள்ளையா சின்னதா இருக்கும்.

இரவு_ஷிஃப்ட்_நர்ஸ் | 7:16
சரி விடுங்க, டாக்டர்கிட்ட மாத்திரை அட்டையை எடுத்துட்டுப் போங்க. பழைய வகுப்புல இருந்தப்போ நீங்க மாத்திரை போடாத ஆள், இப்போ போடுற ஆள், அதுதான் வித்தியாசம். தலையைக் கீழே தொங்கப்போட்டுட்டு சட்டுனு நிமிர்ந்தா ரத்த அழுத்தம் ஒரு நொடி இறங்கும், சில மாத்திரை அதை இன்னும் கூட்டும். வீட்ல கருவி இருந்தா 5 நிமிஷம் படுத்துட்டு அளங்க, எழுந்து நின்னு 1 நிமிஷத்துல ஒண்ணு, 3 நிமிஷத்துல ஒண்ணு. மேல் எண் 20 இறங்கினாலோ கீழ் எண் 10 இறங்கினாலோ டாக்டர்கிட்ட சொல்லணும். நீங்களா மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதுவரைக்கும் சர்வாங்காசனம், தலைகீழ் எதுவும் வேணாம். கண்ல நீர் அழுத்தம் இருந்தா எப்பவுமே வேணாம். குனிஞ்சா கையைத் தொடையில ஊன்றி, பாதியில ஒரு மூச்சு நின்னு, அப்புறம் நிமிருங்க.

யோகதீபன் | 7:30
பாதியில் நின்று மூச்சு விடுவது என்பதை நான் முன்பே ஒரு பதிவில்

யோகதீபன் | 7:31
தவறுதலாக அனுப்பிவிட்டேன். குறிப்பிட்டிருக்கிறேன் என்று சொல்ல வந்தேன்.

மல்லிகை_ஈசூன் | வெள்ளி, மாலை 5:48
பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போய் டாக்டரைப் பார்த்தேன். நரம்பு இல்லையாம், தசைநாண்தானாம், வாசுகி சொன்னது சரி. பிசியோவுக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. குனியுறது கொஞ்ச நாளைக்கு வேணாம், இடுப்பு தூக்குறது செய்யலாம். மாத்திரை விஷயமும் கேட்டேன். மத்ததை அப்புறம் எழுதறேன், பஸ் வந்துடுச்சு. எல்லாருக்கும் நன்றி.

இரவு_ஷிஃப்ட்_நர்ஸ் | 6:02
நின்னு அளந்தப்போ எவ்வளவு வந்துச்சு? மாத்திரைக்கு என்ன சொன்னாங்க?

ஜூரோங்_வாசுகி | ஞாயிறு, காலை 10:17
அக்கா?

கோப்பி_ஓ_கொசோங் | 10:40
மேட் எத்தனை மிமீன்னாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம்.