கொல்கத்தா ஃபுட்பால் வெறியனுங்ககிட்ட மாட்டுன கதை இருந்தா சொல்லுங்க

முத்துப்பேட்டை ரோட்டுக்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். 2024 தாளடி நடவு. நம்ம பக்கம் நடவுக்கு ஆள் கெடைக்காம மேற்கு வங்கத்துலேருந்து வர்ற செட்டத்தான இப்பல்லாம் நம்பியிருக்கோம், உங்க ஊர்லயும் அதே நெலமதான் இருக்கும். எங்களுக்கு வந்த செட்டு போர்செட் கொட்டாயிலதான் தங்குச்சு. வந்த அன்னிக்கே துணி தொவச்சு வேலியில காயப்போட்டானுவ, ஒரு பக்கம் செவப்பு மஞ்ச பனியன், நல்லாத் தள்ளி பச்சை மெரூன் பனியன், ஒண்ணோட ஒண்ணு படக்கூடாதுங்கற மாதிரி. எங்கப்பா ஏதோ கட்சி கலருன்னு நெனச்சு, "கொட்டாயில அரசியல்லாம் பேசக்கூடாது"ன்னு சைகையில சொல்லிட்டு வந்தாரு.

அக்டோபர் 19, சனிக்கெழம ராத்திரி. யூரியா மூட்டை மேல ஒரு செல்ல சாச்சு வச்சு மொத்த செட்டும் ஒக்காந்துருக்கு. திடீர்னு பாத்தா வயக்காடே அதிர்ற மாதிரி சத்தம். அப்பா டார்ச்ச எடுத்துக்கிட்டு ஓடுறாரு, "அடிச்சுக்கிறானுவடா, கேஸாயிரும்டா"ன்னு. பின்னாடியே போய்ப் பாத்தா பாதிப் பேரு குதிக்கிறான், மீதிப் பேரு செவுத்தப் பாத்து ஒக்காந்துருக்கான். கொல்கத்தாவோட ரெண்டு கிளப்பு, மோகன் பாகான் (பச்சை மெரூன்), ஈஸ்ட் பெங்கால் (செவப்பு மஞ்ச) மேட்ச். மெக்லாரன் முதல் கோல் போட்டதுக்குத்தான் அந்தச் சத்தம், கடைசில பெட்ராடோஸ் பெனால்டில இன்னொண்ணு, 2-0.

மேஸ்திரி திருப்பூர்ல கெடந்து தமிழ் கத்துக்கிட்டவரு. அவருதான் சொன்னாரு, "அண்ணா, எங்க தாத்தா அந்தப் பக்கம், இப்ப பங்களாதேஷ், அதுனால நம்ம ஈஸ்ட் பெங்கால். என் சம்சாரம் வீடு இந்தப் பக்கம், அவங்க மோகன் பாகான். மேட்ச் அன்னிக்கு போன் பேசமாட்டோம்"னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் வெளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியல. அந்தப் பக்கத்துலேருந்து வந்த குடும்பம் 'பாங்கால்', இந்தப் பக்கத்துக் குடும்பம் 'கோட்டி', தாத்தா எங்க பொறந்தாருங்கறதுதான் டீம முடிவு பண்ணுது.

பெட் என்னன்னா தோத்தவன் சமைக்கணும், ஜெயிச்சவன் மீன் சொல்லணும். மோகன் பாகான் ஜெயிச்சா இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா இலிஷ், அது அவனுங்க ஊர்லயே வழக்கமாம். காலையில என்கிட்ட வந்து இறால் வாங்கித் தாங்கன்னு நிக்கிறானுவ, முத்துப்பேட்டையில அதுக்கா பஞ்சம். தோத்த கோஷ்டில ஒரு பையன் வாய்க்கா ஓரம் குந்தி ஒவ்வொரு இறாலா எடுத்து "மெக்லாரன்"னு சொல்லி ஒரு தலையக் கிள்ளுறான், "பெட்ராடோஸ்"னு ஒரு தலையக் கிள்ளுறான், ஒரு கிலோ முடியறவரைக்கும் மொத்த டீமும் காலி. குழம்பு என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு, எங்களுக்கும் ஒரு தூக்கு வந்துச்சு.

நாகை கப்பக்காரன்:

ஆஹா. நான் கொல்கத்தாவுல லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தவன், அங்க நம்மாளுங்க ஜாஸ்தி, காலையில இட்லி கெடைக்கும், அதான் அந்த ஏரியா. வீட்டு ஓனர் தாத்தா அட்வான்ஸ் பத்திப் பேசறதுக்கு முன்னாடியே எந்த டீமுன்னுதான் கேட்டாரு. நான் தமிழ்நாடு, நமக்கு ஏது டீம்னா, "இங்க இருக்கற வரைக்கும் இருக்கணும்"னாரு. வாடகை கம்மி பண்ணுவாருன்னு மோகன் பாகான்னு சொல்லிவச்சேன். பைசா கொறைக்கல.

அவரு வீட்டு ஹால்ல 1911 டீம் போட்டோ மாட்டியிருந்துச்சு. ஜூலை 29ஆம் தேதி ஐ.எஃப்.ஏ ஷீல்டு ஃபைனல்ல ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டுங்கற வெள்ளைக்காரப் பட்டாள டீம 2-1னு அடிச்ச மோகன் பாகான் டீம், அதுல பெரும்பாலானவங்க வெறுங்கால்ல ஆடுனவங்க. வருசா வருசம் அன்னிக்கு அந்தப் படத்துக்கு மாலை உண்டு. சொல்லி முடிச்சதும் நான் கேட்டேன், தாத்தா இந்தப் பதினோரு பேர்ல பாதிக்கு மேல கிழக்கு வங்கத்துக்காரங்களாமேன்னு. ஆபீஸ்ல ஈஸ்ட் பெங்கால் பய ஒருத்தன் ஓதிவிட்டதுதான். அன்னிக்கு சாயங்காலம் டீ வரல.

உண்மையில அப்ப அப்படி ரெண்டா பிரியவே இல்லங்க. 1920ல ஜோராபாகான்ங்கற இன்னொரு கிளப்புல, ஒரு மேட்ச்சுக்கு சைலேஷ் போஸ்ங்கற ப்ளேயர டீம்லேருந்து வெளிய ஒக்கார வச்சாங்கன்னு கோவிச்சுக்கிட்டு வந்தவங்க ஆரம்பிச்சதுதான் ஈஸ்ட் பெங்கால். பிரிவினைக்கு அப்பறம் அகதியா வந்த சனத்துக்கு அந்த ஊருல எங்களதுன்னு சொல்லிக்க இருந்தது அந்த கிளப்புதான், அதுக்கப்பறம்தான் இது இந்த அளவுக்கு ஆச்சு. இதச் சொன்னதும் ஆபீஸ்காரன்தான், ஆனா தாத்தாவும் இத மறுக்கல.

சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு ஒரு டெர்பி, அதான் இந்த ரெண்டு டீமும் மோதுற மேட்ச், கூட்டிட்டுப் போனாரு. மஞ்ச சட்டை போட்டுக் கெளம்புனவன வாசல்லயே நிப்பாட்டி மாத்த வச்சாரு. கேட்டே தனித்தனி, இந்தக் கொடிக்காரன் அந்தப் பக்கம் போக முடியாது. கத்துக் கத்துன்னு கத்தி தொண்டை கட்டிப்போச்சு, என்ன கத்துனேன்னே தெரியாது, பக்கத்துல இருக்கறவன் கத்துனதத்தான் நானும் கத்துனேன். பஸ்ல வர்றப்ப தாத்தா 1997 ஃபெடரேஷன் கப் செமிஃபைனல் கதைய எடுத்தாரு. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல கூட்டம், மோகன் பாகான் கோச் அமல் தத்தாவோட டயமண்ட் ஃபார்மேஷன்னு ஊரே பேசிக்கிட்டிருந்துச்சாம், ஈஸ்ட் பெங்காலோட பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் போட்டு 4-1னு கவுத்துட்டாரு. தோத்த மேட்ச இவ்ளோ ரசிச்சுச் சொல்ற மனுசன அங்கதான் பாத்தேன்.

இன்னொண்ணும் சொல்லணும். ஆகஸ்ட் 16 ஆச்சுன்னா அவரு ரத்தம் குடுக்கப் போயிடுவாரு. 1980ல அதே தேதில ஈடன் கார்டன்ஸ்ல டெர்பி அன்னிக்கு கலாட்டா, நெரிசல், 16 பேர் செத்துட்டாங்க. அத நெனச்சு ரெண்டு டீம்காரங்களும் வந்து ரத்தம் குடுக்கறாங்க. அவரு அன்னிக்கு கேலரில இருந்தாரான்னு கேக்க எனக்கு வாய் வரல.

அதிரை டிஃபெண்டர்:

எல்லாம் சரி காக்கா, ஆனா கொல்கத்தாவுலதான் ஃபுட்பால்ங்கற மாதிரி பேசாதீங்க. லீவு நாள்ல எங்க அதிராம்பட்டினத்துக்கு வாங்க, எழுவர் டோர்னமென்ட் நடக்கறப்ப வளைகுடாவுலேருந்து லீவு போட்டுட்டு வர்றவன்லாம் இருக்கான். தெருவுக்குத் தெரு டீம், மாமன் ஒரு டீம் மச்சான் ஒரு டீம், கல்யாண வீட்டுல பந்தி போடறப்பகூட ஆஃப்சைடு சண்டைதான். மைக்ல கமெண்ட்ரி சொல்றவரு எந்தத் தெருன்னு தெரிஞ்சா போதும், அவரு பாதி நேரம் திட்டு வாங்குவாரு. நான் அந்த ஊருக்குப் போனதில்ல, எனக்கு அனுபவம்னா இதுதான்.

கும்பகோணம் நர்ஸ்:

அதிரை அண்ணா, இத வாசிச்சுட்டு அப்பறம் சொல்லுங்க.

நான் 2024ல அங்கதான் வேலைல இருந்தேன். ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரில ட்ரெயினி டாக்டரக் கொன்ன விவகாரம் நடந்துக்கிட்டிருந்த ஆகஸ்ட் மாசம், நைட் ட்யூட்டிக்குப் போகவே பயம், குரூப்பா சேந்துதான் போவோம். 18ஆம் தேதி டியூரண்ட் கப் டெர்பி நடக்கறதா இருந்துச்சு, கேலரில நியாயம் கேட்டு பேனர் புடிக்கப் போறாங்கன்னு பேச்சு, பந்தோபஸ்துக்குப் போலீஸ் பத்தாதுன்னு மேட்ச கேன்சல் பண்ணிட்டாங்க. சரி போச்சுன்னு பாத்தா மேட்ச் இல்லாத ஸ்டேடியத்துக்கு முன்னாடி ரெண்டு டீம் ஆளுங்களும் வந்து நின்னுட்டாங்க, முகமதன் ஸ்போர்ட்டிங்ங்கற அங்க இருக்கற இன்னொரு கிளப் ஆளுங்களும்தான். எங்க பஸ் பைபாஸ்ல மாட்டிக்கிச்சு. எனக்கு ஃபுட்பால்ல ஒண்ணும் தெரியாது, ஆனா செவப்பு மஞ்ச சட்டைக்காரன் தோள் மேல பச்சை மெரூன் சட்டைக்காரன் ஒக்காந்து கோஷம் போடறான்னதும் பஸ்ல இருந்த ஒரு அம்மா எழுந்து நின்னுட்டாங்க. கோட்டி பாங்கால் ஒரே கொரல்னு கோஷம். மேட்சுக்கு இல்லாத போலீஸ் இதுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சுன்னு டிரைவர் கேட்டதுக்கு பஸ்ஸே சிரிச்சுது. அப்பறம் தடியடி, எல்லாரும் ஓட்டம், ஜன்னல சாத்திட்டோம். நான் போராட்டத்துக்கெல்லாம் போனவ கெடையாது, எங்களுக்காகப் பேச இவங்கதான் வருவாங்கன்னு சத்தியமா நெனைக்கல.

முத்துப்பேட்டை ரோட்டுக்காரன்:

சிஸ்டர், இத மேஸ்திரிகிட்டயும் கேட்டேன், அன்னிக்கு மட்டும் சம்சாரம் கூட போன் பேசுனாராம்.

ஒண்ணு விட்டுட்டேன். எங்க செட்டுல ஒரு பொடியன் முகமதன் ஸ்போர்ட்டிங். இவன ரெண்டு கோஷ்டியும் சேந்து ஓட்டும். ஐ.எஸ்.எல்.லுக்கு, அதான் இந்தியன் சூப்பர் லீக்குக்கு, அவன் டீம் வந்ததே அந்த சீசன்தான், அக்டோபர்ல மோகன் பாகான்கிட்ட 3-0. நவம்பர் 9ல ஈஸ்ட் பெங்கால்ல அரைமணி நேரத்துக்குள்ள ரெண்டு பேருக்கு ரெட் கார்டு, மிச்சம் ஒம்போது பேர வச்சுக்கிட்டு 0-0ல முடிச்சுட்டானுவ. பொடியன் கயித்தப் புடிச்சுக்கிட்டு நடவு நடறான், ரெண்டு பக்கத்துலேருந்தும் "ஒம்போது, ஒம்போது"ன்னு எண்ணிக்கிட்டே நாத்த ஊனுறானுவ. அவன் விடல. கல்கத்தா லீக்க ஜெயிச்ச முதல் இந்திய டீம் யாரு, 1934லேருந்து தொடர்ச்சியா அஞ்சு வருசம் யாரு கப்புன்னு திருப்பிக் கத்துறான். அப்பா வரப்புல நின்னு, மேட்டூர் டேம் தொறந்த வருசமாச்சேன்னாரு.

நாகை கப்பக்காரன்:

அட அந்த டேம் வந்துதான நம்ம இலிஷும் போச்சு. அவனுங்க இலிஷுங்கறது நம்ம உல்லம் மீன்தான், முன்னாடி கடல்லேருந்து காவேரிக்குள்ள ஏறி வரும்னு பெரியவங்க சொல்லுவாங்க. அடுத்த தாளடிக்கு ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா சொல்லுங்க, நாகை ஹார்பர்ல வந்துச்சுன்னா ஐஸ் போட்டு பஸ்ல ஏத்தி விடறேன். முள்ளு ஜாஸ்தி, உங்கப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.