ராத்திரி டிவியில் ஜாஸ்: சோனி ராலின்ஸ் மாதிரி வேறு என்ன பார்க்கலாம்?

மந்தரஸ்தாயி:
வணக்கம். கத்ரி கோபால்நாத் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். சாக்ஸபோன் என்றால் எனக்கு அதுதான். போன வாரம் தூக்கம் வராமல் யூடியூபில் மேய்ந்தபோது, 1989-ல் அமெரிக்காவின் என்பிசி சேனலில் வந்த ‘நைட் மியூசிக்’ நிகழ்ச்சியின் துண்டு ஒன்று அகப்பட்டது. லெனார்ட் கோஹன் ‘ஹூ பை ஃபயர்’ பாடுகிறார், கூடவே சோனி ராலின்ஸின் டெனர் சாக்ஸபோன். யாரோ வீட்டில் விஎச்எஸ்ஸில் பதிந்தது போல; படத்தின் அடியில் ஒரு கோடு நடுங்கிக்கொண்டே இருந்தது.

யூதர்களின் பிரார்த்தனை ஒன்றிலிருந்து பிறந்த பாட்டு. யார் நெருப்பில், யார் தண்ணீரில் என்று சாவுகளை அடுக்கிக்கொண்டே போகிறார் கோஹன். குரல் மேலே ஏறவே இல்லை. ராலின்ஸ் உள்ளே வரும்போது, ஒப்பாரி வைக்கிறவள் மூச்சு வாங்கும் இடத்தில் பக்கத்தில் இருப்பவள் குரல் கொடுப்பாளே, அப்படி இருந்தது. பாட்டியின் சாவு வீடு ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதுபோல வேறு என்ன இருக்கிறது?

ரயிலடி:
தம்பி, நல்ல இடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள். 1988 முதல் 1990 வரை இரண்டே சீசன் வந்த நிகழ்ச்சி அது. தொகுப்பாளர் டேவிட் சான்பார்னே ஆல்டோ சாக்ஸபோன்காரர். சின்ன வயதில் போலியோ வந்ததால், நுரையீரல் பலப்பட வாத்தியம் ஊத ஆரம்பித்தவர். சம்பந்தமே இல்லாதவர்களை ஒரே மேடையில் சேர்ப்பது தயாரிப்பாளர் ஹால் வில்னரின் கைவண்ணம். டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸும் அதில் வாசித்திருக்கிறார். சன் ராவின் ஆர்கெஸ்ட்ராவையும் விட்டுவிடாதீர்கள்: தான் சனி கிரகத்திலிருந்து வந்தவன் என்று சொன்ன மனிதர், மினுமினுக்கும் அங்கி போட்ட கூட்டம். 1978 மே மாதம் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நகைச்சுவை நிகழ்ச்சியிலும் வந்தார்கள்.

கரகரப்பிரியா:
நடுராத்திரி நிகழ்ச்சி இல்லை, ஞாயிறு எட்டு மணிக்கு வந்ததுதான். ஆனாலும் சொல்லியே ஆகணும். டிவியில் கறுப்பின ஜாஸ் கலைஞர்களுக்கு இடமே தருவதில்லை என்று 1970-ல் சாக்ஸபோன்காரர் ராசான் ரோலண்ட் கிர்க்கும் நண்பர்களும் கிளம்பினார்கள். நிகழ்ச்சிப் பதிவு நடக்கும் இடங்களுக்குப் பார்வையாளர்களாகப் போய், நடுவில் விசில் ஊதி நிறுத்தினார்கள். அதற்கப்புறம்தான் 1971 ஜனவரியில் ‘எட் சல்லிவன் ஷோ’ என்ற பிரபல டிவி நிகழ்ச்சியில் கிர்க்குக்கு மேடை கிடைத்தது. பேசி வைத்தது ஸ்டீவி வொண்டர் பாட்டு. வாசித்ததோ சார்லஸ் மிங்கஸின் ‘ஹைட்டியன் ஃபைட் சாங்’! பேஸ் வாத்தியத்தில் மிங்கஸே, டிரம்ஸில் ராய் ஹெய்ன்ஸ், கூட சாக்ஸபோன்காரர் ஆர்ச்சி ஷெப். கிர்க்குக்குக் கண் தெரியாது. கழுத்தில் தொங்கும் மூன்று சாக்ஸபோனை ஒன்றாக வாயில் வைத்து ஊதுவார்.

மந்தரஸ்தாயி:
கரகரப்பிரியா அக்கா, கிர்க்கை இப்போதுதான் பார்த்து முடித்தேன். விசில் கதை தெரியாமல் பார்த்திருந்தால் வெறும் இரைச்சல் என்று கடந்து போயிருப்பேன். கிடைத்த ஒரே மேடையில் பேசி வைத்த பாட்டைத் தூக்கி எறிய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ரயிலடி அண்ணா, சன் ராவை இன்றைக்கு ராத்திரி வைத்திருக்கிறேன். ஹெட்போனைச் சார்ஜில் போட்டாச்சு.