சாயங்கால மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு மணி நேரம்: வீட்டில் என்ன ஆடலாம், எப்படி ஆடலாம்?

பார்வதிபுரம்_கோடர்:

வணக்கம். நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே பேக்எண்ட் (சர்வர் பக்க மென்பொருள்) வேலை, டீம் நியூயார்க்கில். வீட்டில் மனைவி, அம்மா, 12 வயசு மகன், 7 வயசு மகள். சாயங்காலம் ஒரு மணி நேரமாவது போனைத் தள்ளி வச்சுட்டு எல்லாரும் தரையில உட்கார்ந்து ஆடணும். அம்மாவுக்குத் தாயமும் பல்லாங்குழியும் அத்துப்படி. பையன் கட்டான்ங்கிற பலகை ஆட்டம் மாதிரி புது ஆட்டம் கேக்குறான்.

தாயத்துல சின்னவளுக்குக் காய் இறங்கவே மாட்டேங்குது, சலிச்சுப்போய் எழுந்து போயிடுறா. நடுவுல ஆன்கால் அலாரம் (சிஸ்டத்துல கோளாறுன்னா உடனே கூப்பிடுறது) அடிச்சா ஆட்டம் கலைஞ்சிடுது. மார்ச் வந்தா மீட்டிங் ஒரு மணி நேரம் முந்தி, எங்க நேரத்துல வந்து விழுது. ஜூன் மழை தொடங்கினதும் சீட்டெல்லாம் வளைஞ்சிடுது, ரப்பர் தடியில (ரப்பர் மரத்துல) செஞ்ச பல்லாங்குழியில கருப்புப் பூசணம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தக்கலை_டெவ்:

நேரத்தை முதல்ல முடிச்சிடுவோம், அதுதான் சுலபம். அமெரிக்காவுல மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவாங்க, நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பின்னே தள்ளுவாங்க. நம்ம கடிகாரம் அசையாது. அதனால நியூயார்க்கில் காலை 9 மணி ஸ்டாண்டப் (டீமோட தினசரிச் சின்ன மீட்டிங்) நமக்குக் குளிர்காலத்துல மாலை 7.30, கோடையில 6.30. நீங்க ஆட்ட நேரத்தை இந்திய நேரத்துல குறிச்சு வச்சிருப்பீங்க, மீட்டிங்கை அங்கே உள்ளவங்க அவங்க நேரத்துல போட்டிருப்பாங்க. மோதுறது அதனாலதான்.

கேலண்டரில் தினசரித் தொடர் நிகழ்வு ஒண்ணு போடுங்க. நேர மண்டலத்தை நியூயார்க்னு மாத்தி, காலை 7.45 முதல் 8.45 வரை பிஸின்னு வையுங்க. குளிர்காலத்துல அது நமக்கு 6.15 முதல் 7.15, கோடையில 5.15 முதல் 6.15. ஸ்டாண்டப் நகர்ந்தா இதுவும் கூடவே நகரும். அந்த நேரத்துல அங்கே பெரும்பாலானவங்க வேலைக்கு உட்கார்ந்திருக்க மாட்டாங்க, அதனால யாரும் மீட்டிங் போட்டு அந்த இடத்தைப் பிடிக்கவும் வாய்ப்புக் குறைவு. லண்டன் டீமும் இருந்தா ஒண்ணு கவனிங்க: அவங்க மாறுறது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இடைப்பட்ட வாரங்கள்ல ரெண்டு டீமோட இடைவெளியும் வேற மாதிரி இருக்கும்.

ஆன்கால் வாரத்துல கட்டான் வேண்டாம். பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துல முடியுற சீட்டாட்டம் மட்டும் வையுங்க. பலகை ஆட்டம்தான் வேணும்னா ஒரு பெரிய தட்டுல விரிச்சு ஆடுங்க. அலாரம் அடிச்சா ஒரு போட்டோ எடுத்து, அவங்கவங்க கைச்சீட்டைப் பேர் எழுதின கவர்ல போட்டு, தட்டோட தூக்கி அலமாரி மேல வச்சிடலாம். அடுத்தது யார் முறைன்னு கவர்ல எழுத மறக்காதீங்க. திரும்ப உட்காரும்போது சண்டை அதுலதான் வரும்.

சுங்கான்கடை_கட்டம்:

தாயத்துக்கு வர்றேன். சின்னவள் எழுந்து போறதுல தப்பே இல்லை, கணக்கு அப்படி. ரெண்டு பித்தளைக் கட்டையிலும் வெறும் முகம், 1, 2, 3 என நாலு முகம். மொத்தம் 16 சேர்க்கை. அதுல தாயம் (கூட்டுத்தொகை 1) விழ 2 வழி, இரண்டு 3 வழி, மூணு 4, நாலு 3, அஞ்சு 2, ஆறு 1, பன்னிரண்டு (ரெண்டும் வெறும் முகம்) 1. தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தா மறுபடி உருட்டலாம்னு வச்சா, ஒரு முறையில தாயம் விழ வாய்ப்பு 6-ல் 1. அதாவது சராசரியா ஆறு சுற்று காத்திருந்தாதான் முதல் காயே இறங்கும். அஞ்சு பேர் ஆடினா அவ பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிற நேரம் எவ்வளவுன்னு நினைச்சுப் பாருங்க.

தாயத்துக்கும் அஞ்சுக்கும் காய் இறக்கலாம்னு ஒரு விதியை மட்டும் மாத்துங்க. வாய்ப்பு 7-ல் 2 ஆயிடும், காத்திருப்பு சராசரி மூன்றரைச் சுற்று. இதைப் பையனைவிட்டு பைத்தான்ல (நிரல் மொழி) லட்சம் தடவை உருட்டிப் பார்க்கச் சொல்லுங்க, இருபது வரிக்குள்ள வந்திடும். மறுபடி உருட்டுற விதியை லூப்பா எழுதணும். அதை விட்டா விடை 8-ல் 1, 4-ல் 1னு வரும், அது ஒரே உருட்டலுக்கான கணக்கு.

அடுத்தது கட்டம். 7×7 கட்டத்துல வெளிச்சுற்று 24, அடுத்தது 16, அடுத்தது 8, நடுவுல ஒண்ணு, ஆக 49 கட்டம். 5×5 போட்டா 16, 8, 1, மொத்தம் 25. ஒரு உருட்டலுக்குச் சராசரி 3.75 கட்டம். மறு உருட்டலையும் சேர்த்தா ஒரு முறைக்குச் சுமார் 6 கட்டம் நகரலாம். அதனால 5×5 கட்டமும் ஆளுக்கு ரெண்டு காயும் போதும். வெட்டினாதான் உள்ளே போகலாம்ங்கிற விதியையும் சின்னவளுக்காக எடுத்திடுங்க. ஒரு விஷயம்: இந்தக் கணக்கு கட்டைக்குத்தான். சோழியில மல்லாந்து விழுறதும் கவிழ்ந்து விழுறதும் சமமில்லை.

கட்டான் பெட்டிக்குள்ள உள்ளது 3 அல்லது 4 பேருக்குத்தான், அஞ்சாவது ஆளுக்குத் தனி விரிவாக்கம் வாங்கணும். சின்னவளை அம்மாவோட ஒரே அணியாச் சேர்த்தா நாலு ஆயிடும். அதுல இருக்கிற நல்ல விஷயம், யார் பகடை உருட்டினாலும் எல்லாருக்கும் சரக்கு வர வாய்ப்பு உண்டு, அதனால யாரும் சும்மா உட்கார மாட்டாங்க. 10 புள்ளிக்குப் பதிலா 8 புள்ளியில முடிச்சா நேரமும் குறையும். என்னைக் கேட்டா, வீட்டு ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கப் பெட்டி மேல போட்டிருக்கிற வயசைவிட, ஒருத்தர் எவ்வளவு நேரம் சும்மா இருக்கணும்ங்கிறதைப் பார்க்கிறதுதான் சரி.

குலசேகரம்_தடிவேலை:

ரப்பர் தடியில மாவுச்சத்து அதிகம், அதனாலதான் பூசணமும் வண்டும் சீக்கிரம் வருது. அறுத்த உடனே போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல்ல ஊறவச்சு, சூளையில ஈரத்தை இறக்கியிருந்தா தாங்கும். அப்படிச் செய்யாத பச்சைத் தடியை வாங்கிச் செஞ்சிருப்பாங்க.

பூசணத்தை வீட்டுக்குள்ள தேய்க்காதீங்க. முகத்துல துணி கட்டிட்டு, வெளியில வச்சுப் பிரஷ்ஷால தட்டுங்க. பிறகு காத்தோட்டமான நிழல்ல நாலஞ்சு நாள் காயவிடுங்க. நேர் வெயில்ல வச்சா குழிக்குள்ள வெடிக்கும். 220 நம்பர் உப்புத்தாள் போட்டு, சீலர் (மரத்துளையை அடைக்கிற பூச்சு) ரெண்டு கோட் அடிங்க. மேலே அடிச்சா அடியிலும் அடிக்கணும். ஒரு பக்கம் மட்டும் அடைச்சா மறுபக்கம் ஈரம் குடிச்சு விரியும், பலகை கிண்ணம் மாதிரி குழியும். ஊசித்துளையிலிருந்து மாவு கொட்டினா அது வண்டு, அந்தப் பலகையை மத்த மரச்சாமான் பக்கத்துல வைக்காதீங்க.

தேங்காய் எண்ணெய் தடவுறது நம்ம பக்கம் வழக்கம். அது காயாது, பிசுபிசுப்பாவே நிக்கும், தூசியும் பூசணமும் அதுல ஒட்டும். எண்ணெய்தான் வேணும்னா ஆளிவிதை எண்ணெய். தடவின துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானாச் சூடேறித் தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப்போடுங்க. புதுசாச் செய்றதா இருந்தா பிலாத்தடியே (பலா மரமே) கொள்ளாம்.

காய்க்குப் புளியங்கொட்டை போதும். குழிக்கு 5 போட்டா 14 குழிக்கு 70. குன்றிமணி வேண்டவே வேண்டாம், அதோட பருப்பு கடும் விஷம்.

சீட்டு வளையறதும் இதே காரணம்தான்: ஒரு பக்கம் பளபளப்புப் பூச்சு, மறுபக்கம் வெறும் தாள். ஸ்லீவ் (சீட்டுக்கான பிளாஸ்டிக் உறை) போடுங்க. 63×88 மில்லிமீட்டர் சீட்டுக்கு 66×91 ஸ்லீவ். கட்டான் சீட்டு 54×80, அதுக்குச் சின்ன ஸ்லீவ் தேடி வாங்கணும். ரப்பர் விளிம்பு உள்ள மூடி போட்ட டப்பாவுல ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லோட வையுங்க. நீல நிறத்துல கோபால்ட் இருக்கு, பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆரஞ்சு நிறம் வாங்குங்க. நிறம் மாறினதும் ஓவன்ல 110, 120 டிகிரியில ரெண்டு மணி நேரம் வச்சு எடுத்தா திரும்பப் பயன்படும். டப்பாவை மழை அடிக்கிற சுவரை ஒட்டி வைக்காதீங்க.

பார்வதிபுரம்_கோடர்:

சுங்கான்கடை அண்ணே, அஞ்சு விழுந்தா இறக்குற விதியை அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க. ஆன்கால் வாரத்துக்கான சீட்டாட்டம் எதுன்னு சொல்லலையே? பையன் தோத்தா முகம் வாடுது, அதனால ஒருத்தரை ஒருத்தர் தோற்கடிக்காத ஆட்டமா இருந்தா நல்லது.

சுங்கான்கடை_கட்டம்:

ஹனாபி. எல்லாரும் ஒரே அணி. காசு கொடுத்து வாங்குறதுக்கு முன்னாடி சாதாரணச் சீட்டுக்கட்டு மூணு எடுத்துச் செஞ்சு பாருங்க. பின்பக்கம் மூணுக்கும் ஒரே டிசைனா இருக்கணும். ஒவ்வொரு சின்னத்திலும் ஏஸ் 3, இரண்டு 2, மூணு 2, நாலு 2, அஞ்சு 1. நாலு சின்னத்துக்கும் சேர்த்து 40 சீட்டு. மூணு பேர் வரைக்கும் ஆளுக்கு 5, நாலு அஞ்சு பேர்னா ஆளுக்கு 4. சீட்டை முகம் வெளியில தெரிய பிடிக்கணும், உங்க சீட்டு உங்களுக்குத் தெரியாது.

நடுவுல 8 புளியங்கொட்டை. ஒருத்தருக்குத் துப்பு சொன்னா ஒண்ணு போகும். 'உன் கையில ஸ்பேடு இது ரெண்டும்' இல்லேன்னா 'மூணு இது ஒண்ணு', இவ்வளவுதான் சொல்லலாம், பொருந்துற எல்லாச் சீட்டையும் காட்டணும். ஒரு சீட்டைக் கழிச்சா ஒரு கொட்டை திரும்ப வரும். சின்னம் வாரியா ஏஸ்லிருந்து அஞ்சு வரை அடுக்கணும். மூணு தடவை தப்பா வச்சா ஆட்டம் முடிஞ்சுது. அஞ்சு ஒவ்வொண்ணும் ஒண்ணே ஒண்ணுதான், அதைக் கழிச்சிட்டா அந்த வரிசை முழுமையாகாது. முழு அடுக்கு 20 புள்ளி, முதல்ல 12 வந்தாலே நல்ல ஆட்டம்.

சின்னவளுக்கு விரல் சின்னது, நாலு சீட்டும் நழுவும். ஸ்கிராபிள் பலகையோட வர்ற மாதிரி சின்ன மரத்தாங்கி ஒண்ணு வையுங்க. குலசேகரத்துக்காரர்கிட்ட கேட்டா பிலாத்தடித் துண்டுல ஒரு அடி நீளத்துக்கு, 3 மில்லிமீட்டர் அகலத்துல கொஞ்சம் சாய்வா ஒரு காடி (நீளப் பள்ளம்) போட்டுத் தருவார்.