முடவாட்டுக்கால் பெரணி: அடியிலை காய்கிறது, காப்பாற்ற முடியுமா?

இலைநிழல்:
வணக்கம். நண்பர் ஒருவர் ஒரு சாண் நீளத்துக்கு முடவாட்டுக்கால் கிழங்கு கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சமமாகக் கலந்து, பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு அங்குல ஆழத்தில் இஞ்சி நடுவது போல நட்டேன். கிழக்கு ஜன்னல் ஓரம், தினமும் ஒரு டம்ளர் தண்ணீர். முதலில் நன்றாகத்தான் வந்தது, நீளக் காம்போடு மூன்று இலை விட்டது. இப்போது அதில் ஒன்று மஞ்சளாகிவிட்டது. அடியில் காம்பே இல்லாமல் கிழங்கை ஒட்டி வந்த இரண்டு அகல இலைகள் முழுக்கக் காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. போதாததற்கு ஓர் இலையின் பின்பக்கம் பழுப்புப் புள்ளிகள் வேறு, ஓரிரண்டு எறும்பும் ஊர்கிறது. தண்ணீர் பற்றவில்லையா? மருந்து அடிக்கலாமா? ஆசையாக வளர்த்தது, விட மனசில்லை.

பாறைவெடிப்பு:
மருந்தை முதலில் கீழே வையுங்கள். காய்ந்த அகல இலைகளையும் வெட்டாதீர்கள். இந்தப் பெரணிக்கு இரண்டு வகை இலை. நீளக் காம்போடு பச்சையாக நிற்பது ஒன்று, கிழங்கை அணைத்தாற்போல் கூடு மாதிரி உட்காரும் கூட்டு இலை இன்னொன்று. கூட்டு இலை கொஞ்ச நாள்தான் பச்சையாக இருக்கும், பிறகு பழுப்பாகி விறைத்து அப்படியே நிற்கும், உதிராது. பாறையில் மண் கிடையாதல்லவா, அந்தக் காய்ந்த இலைக்குள் விழும் சருகும் தூசியும் மட்கித்தான் அதற்கு மண் ஆகிறது, வேர் அதற்குள் போய்த்தான் சாப்பிடுகிறது. அதை வெட்டினால் செடியின் சோற்றுத் தட்டை எடுத்ததாக ஆகும்.

எனக்குக் கவலை கிழங்குதான். அது இஞ்சி இல்லை. பாறைமேலும் மரத்தின் மேலும் வெளியே படர்ந்து காற்று குடிக்கிற தண்டு, மேலே இருக்கும் பழுப்பு மயிரெல்லாம் உண்மையில் மெல்லிய செதில்கள். மண்ணுக்குள் புதைத்துத் தினமும் நனைத்தால் மூச்சு முட்டி அழுகும். தோண்டி விரலால் அழுத்திப் பாருங்கள், எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

நுனிச்சுருள்:
புள்ளி பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் முதல் வருடம் நானே அதைப் பூச்சி என்று நினைத்து இலை இலையாகச் சுரண்டி எடுத்திருக்கிறேன். பக்க நரம்புகளுக்கு நடுவே ஒரே அளவில், தையல் போட்ட மாதிரி வரிசையாக இருந்தால் அது வித்துக்கூடு, அதாவது பெரணி இனம் பெருக்கும் வித்துத் தூள் இருக்கும் இடம், செடி நன்றாக வளர்ந்ததன் அடையாளம். சந்தேகம் தீர வேண்டுமென்றால் முதிர்ந்த இலைத் துண்டு ஒன்றை வெள்ளைத்தாளில் கவிழ்த்து இரண்டு நாள் வையுங்கள், மெல்லிய தூள் கொட்டியிருக்கும். செதில்பூச்சி என்றால் வரிசையே இராது, காம்பிலும் நடு நரம்பிலும் இங்கொன்று அங்கொன்றாக ஒட்டியிருக்கும், நகத்தால் நெம்பினால் முழுசாகப் பெயர்ந்து வரும். எறும்பை வைத்து முடிவு செய்யாதீர்கள், இந்தச் செடியின் இலையிலேயே தேன் சுரப்பிகள் உண்டு. அப்படியே பூச்சி இருந்தாலும் எண்ணெய் மருந்து வேண்டாம், பெரணி இலை கருகிவிடும். ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்தாலே போதும்.

இலைநிழல்:
தோண்டிவிட்டேன். புள்ளிகள் வரிசையாகத்தான் இருக்கின்றன, அதில் நிம்மதி. ஆனால் கிழங்கில் பாதி போய்விட்டது. அடிப்பக்கம் அழுத்தினால் பழைய வாழைப்பழம் போல உள்ளே போகிறது, புளித்த வாடை. நுனிப்பக்கம் நான்கு விரல் நீளம் மட்டும் கெட்டியாக இருக்கிறது. ஒரு பச்சை இலையும் அதில்தான் இருக்கிறது.

பாறைவெடிப்பு:
நுனி இருக்கிறது அல்லவா, அப்போது செடி இருக்கிறது. வளர்ச்சி எல்லாம் அந்த நுனியில்தான். கத்தியைச் சூடுகாட்டி ஆறவிட்டு, கெட்டியான பகுதிவரை வெட்டுங்கள், வெட்டிய இடத்தில் பழுப்புக் கறை தெரிந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்ட வேண்டும். கரித்தூள் தடவி ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள்.

அப்புறம் மண் கலவையை மறந்துவிடுங்கள். அகலமான, ஆழம் குறைந்த மண்தொட்டி, அதில் ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, செங்கல் சல்லி. கிழங்கை அதன் மேலே கிடத்துங்கள், புதைக்கவே கூடாது. ஆடாமல் இருக்க இரண்டு இடத்தில் தூண்டில் நரம்பால் கட்டுங்கள். ஆடினால் புது வேர் பிடிக்காது, இதைப் பலர் கவனிப்பதில்லை. தண்ணீர் கணக்கு பார்த்து ஊற்ற வேண்டாம், மேல் துண்டுகள் காய்ந்த பிறகு அடியில் வழியும்படி நன்றாக ஊற்றி முழுக்க வடியவிடுங்கள், தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது.

நுனிச்சுருள்:
உரம் இப்போதைக்கு வேண்டாம். புது இலை வந்த பிறகு, உறையில் போட்ட அளவில் கால் பங்கு, மாதம் ஒரு முறை போதும். இன்னொன்று, வறட்சியில் பச்சை இலைகள் எல்லாம் உதிர்ந்து மொட்டைக் கிழங்காக நிற்பதும் இதன் சுபாவம்தான், அதைப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இலைநிழல்:
ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். இருந்த ஒரு பச்சை இலையும் இரண்டாம் வாரம் உதிர்ந்துவிட்டது, நீங்கள் முன்பே சொல்லியிருந்ததால் தொடாமல் விட்டேன். போன வாரம் நுனியில் செதில் வெளிர் நிறமாகப் புசுபுசுவென்று தெரிந்தது. இன்று காலை பார்த்தால் அதற்குப் பின்னாலேயே பட்டாணி அளவுக்கு ஒரு பச்சைச் சுருள். காம்பு தெரியவில்லை, கூட்டு இலையாகத்தான் இருக்கும் போல. மெல்ல இழுத்துப் பார்த்தேன், கிழங்கு அசையவில்லை, கரித்துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கட்டிய நரம்பை இப்போது அவிழ்க்கலாமா?

பாறைவெடிப்பு:
இன்னும் இரண்டு இலை வரட்டும்.