ஸ்கேவேஜ்: ‘விரிப்பாயம்’ சரியாக வருமா?

ஸ்கேவேஜ் (scavage) என்ற பழைய ஆங்கில வரிப் பெயருக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறேன். ‘சுங்கம் என்றே போட்டுவிடலாமே, எதற்கு இத்தனை பாடு’ என்று கேட்கும் நண்பருக்கு முதலில் பதில். சுங்கம் அரசுக்குப் போவது. ஸ்கேவேஜ் இடைக்கால இங்கிலாந்தில் நகரங்கள் தண்டிய வரி. அதுவும் வெளியிலிருந்து சரக்கோடு வரும் வணிகரிடம். லண்டன் நகர எழுத்தர் ஜான் கார்ப்பென்டர் 1419-இல் தொகுத்த ‘வெள்ளைப் புத்தகம்’ காரணத்தையும் சொல்கிறது: எதையும் விற்பதற்கு முன் வணிகர் தம் சரக்கை ஷெரிப்புகள் எனும் நகர அதிகாரிகளிடம் காட்ட வேண்டும். காட்டுதல் என்பதே சொல்லின் வேர். அதை இழந்த பெயர்ப்பு நமக்கு உதவாது.

சுங்கத்துக்கான பழந்தமிழ்ச் சொல்லான ‘உல்கு’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்று தொடங்கும் குறள் ‘வேந்தன் பொருள்’ என்றுதான் முடிகிறது. அரசனுக்குரியதை நகராட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டாம். உல்கைப் பொதுவான துறைமுக வரிக்கு வைத்துக்கொள்வோம்.

‘காட்சி வரி’ என்றால் திரையரங்க டிக்கெட்டுக்கான கேளிக்கை வரி என்றே எவரும் நினைப்பார்கள். காட்டுதலோடு, வரி என்று பொருள்படும் ஆயத்தைச் சேர்த்த ‘காட்டாயம்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வன இலாகாவின் வரி போலத் தோன்றுகிறது. அச்சில் ஒரு கால் விழுந்தால் ‘கட்டாயம்’ ஆகிவிடும். வரி கொடுத்தவர்கள் வேண்டுமானால் அதை ஏற்றுக்கொள்வார்கள்!

சரக்கை விற்பனைக்குக் காட்டுவதற்குத் தமிழில் வழக்கமான தொடர் ஏற்கெனவே இருக்கிறது: கடை விரித்தல். அதிலிருந்து விரிப்பு, ஆயம் சேர்த்தால் விரிப்பாயம். ஆயம் என்றால் வரி என்பது தமிழ் விவிலியத்தில் வரி தண்டும் ஆயக்காரரை அறிந்த எவருக்கும் புரியும். கட்டில் விரிப்பு நினைவுக்கு வரும் என்ற ஆட்சேபம் வரலாம். ஆயம் ஒட்டிய பிறகு அந்தக் குழப்பம் நிற்காது என்றே நினைக்கிறேன்.

தண்டுபவருக்கும் பெயர் தடையின்றிக் கிடைக்கிறது: விரிப்பாயக்காரர். இங்குதான் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் இந்த அலுவலரின் பெயர் ‘ஸ்கேவேஜர்’. பின்னாளில் தெருக்களின் தூய்மையைக் கவனிக்கும் பொறுப்பு இவர்களிடம் வந்தது; சொல்லின் நடுவே ஒரு ‘ன்’ நுழைந்து ‘ஸ்கேவெஞ்சர்’ ஆனது. வரி வாங்கியவரின் பெயர் குப்பை பொறுக்குபவரின் பெயரான இந்தக் கதையை எந்தத் தமிழ்ச் சொல்லாலும் சுமக்க முடியாது. அகராதிப் பதிவில் இரண்டு வரி விளக்கம் போதும்.

அந்த விளக்கத்தில் இதையும் சேர்க்கலாம். ஊருக்கு ஊர் நகரத் தலைவர்கள் இங்கிலாந்து வணிகரிடமே இந்த வரியைப் பிடுங்கத் தொடங்கியதால், ஏழாம் ஹென்றியின் ஆட்சியில் ஒரு சட்டம் அதைத் தடுத்தது. லண்டனுக்கு மட்டும் தனிச் சலுகை கிடைத்தது. தலைநகரங்களுக்கு என்றைக்கும் அப்படித்தான்.

வெறுமனே ஒலிபெயர்க்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. இதன் உறவினர்கள் பின்னாலேயே வரிசையில் நிற்கிறார்கள். ஊருக்குள் வரும் சரக்கின் மீது, மதில் கட்டவும் செப்பனிடவும் வாங்கிய மியூரேஜ். தெருவுக்குக் கல் பாவ வாங்கிய பேவேஜ். பாலத்துக்காக வாங்கிய பான்டேஜ். எல்லாவற்றையும் ஒலிபெயர்த்தால் படிப்பவருக்கு என்ன மிஞ்சும்? ஆயத்தை ஈறாக வைத்தால் மதிலாயம், பாவாயம் என்று குடும்பமாக அமையும். பாலவாயம் மட்டும் மதுரை ஆலவாயை நினைவூட்டுகிறது. அதைப் ‘பால ஆயம்’ என்று பிரித்தே எழுதலாம்.