மறு: நியோநேட்டல் லூபஸ் – ‘லூபஸ்’ இல்லாமல் ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம். நம் கையேட்டின் சொற்பட்டியலில், பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் ‘நியோநேட்டல் லூபஸ்’ (neonatal lupus) என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது. லூபஸ் என்பது உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நீண்டகால நோய்.

> ‘பச்சிளங்குழந்தை லூபஸ்’ என்றே வைத்துக்கொள்ளலாம். மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

நெருக்கம்தான் ஐயா, மூலத்தில் உள்ள பிழையோடு சேர்த்தே நெருக்கம். அந்தக் குழந்தைக்கு லூபஸ் கிடையாது. தாயின் ரத்தத்தில் ரோ, லா என்ற புரதங்களுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள்கள் (antibodies) நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குப் போகின்றன. தட்டம்மைக்கான எதிர்ப்பொருளைத் தாய் பிள்ளைக்குக் கொடுப்பதும் இதே வழியில்தான். குழந்தை இவற்றைத் தானாக உண்டாக்குவதில்லை. அதனால் பிறந்து ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் அவை கரைந்துபோகின்றன, அவை உண்டாக்கிய தோல் தடிப்பும் மறைகிறது. தாய்க்கே லூபஸ் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பல தாய்மார்கள் எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள். பிள்ளையைப் பரிசோதித்த பிறகுதான் தங்கள் ரத்தத்தில் இது இருப்பதே அவர்களுக்குத் தெரியவருகிறது.

எனக்குத் தங்கை முறையாகும் ஒரு பெண்ணின் இரண்டு மாதக் குழந்தைக்குக் கண்ணைச் சுற்றி, கண்ணாடி போட்டதுபோல, சிவந்த வளையம் வந்தது. பாட்டி சொன்னபடி தினமும் இளவெயிலில் காட்டியிருக்கிறார்கள். வெயில் பட்டால் இந்தத் தடிப்பு கூடும், அப்படியே கூடிற்று. அப்புறம் மருத்துவமனைச் சீட்டில் ‘லூபஸ்’ என்று பார்த்துவிட்டு, “ஆயுசுக்கும் மாத்திரையாண்ணா?” என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கிளப்பியது பெயர் மட்டுமே.

> அப்படியானால் ‘தாய்வழி லூபஸ்’?

இது இன்னும் மோசம் அக்கா. தாய்வழிச் சொத்து, தாய்வழித் தாத்தா என்றெல்லாம் பழகிய காதில் ‘தாய்வழி’ என்றாலே பரம்பரை என்றுதான் விழும். மாமியார் வீட்டில் அந்தச் சொல் என்ன பாடுபடுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் பரிந்துரை ‘இரவல் எதிர்ப்பொருள் நோய்’. அடுத்த வீட்டு நகைபோல, சொந்தமில்லாதது, நிலைக்காதது என்று இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. தாயைக் குறிக்கும்போது, தன் உடலையே எதிர்க்கும் எதிர்ப்பொருள் என்ற பொருளில், ‘தன்னெதிர்ப்பொருள்’ என்பதே போதும். எதிர்ப்பொருளுக்குப் பதிலாக யாழ்ப்பாணத்து நண்பர் கேட்ட ‘பிறபொருளெதிரி’ இலங்கைப் பாடநூல்களில் வேரூன்றிய நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் அதன் முன்னால் ‘தன்’ சேர்த்தால் தன்னையும் பிறபொருளையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டிவரும். இந்த ஓரிடத்தில் அது இடறுகிறது.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். இரவல் கத்தி திரும்பிப் போனாலும் வெட்டு போகாதல்லவா, இதயத்தில் நடப்பது அதுதான். ரோ எதிர்ப்பொருள் உள்ள தாய்மார் 100 பேரில் ஏறக்குறைய இருவரின் சிசுவுக்கு, பெரும்பாலும் கர்ப்பத்தின் 18 முதல் 24 வாரத்துக்குள், இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சைகை போகும் பாதை தழும்பேறிப்போகிறது. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டிய துடிப்பு 50, 60 என்று இறங்கிவிடும். முழுத் தடையானால் மீளாது, பிள்ளைகளில் பலருக்குப் பேஸ்மேக்கர் வேண்டியிருக்கும். முந்தைய பிள்ளைக்கு இப்படி ஆகியிருந்தால் அடுத்த கர்ப்பத்தில் வாய்ப்பு 100க்கு 16 முதல் 18 வரை ஏறுகிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே தொடங்கினால் அந்த வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைவதாக 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இதயத்தில் வரும் இந்தத் தடைக்கு (congenital heart block) பட்டியலில் ‘பிறவி இதய அடைப்பு’ என்று போட்டிருக்கிறோம். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நம் ஊரில் ‘ஹார்ட்ல பிளாக்’ என்றால் ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்து ஸ்டென்ட் வைப்பது. ‘அடைப்பு’ என்றதும் மாரடைப்பு நினைவுக்கு வரும். வயிற்றுப் பிள்ளைக்கு மாரடைப்பா என்று ஒரு தாய் பதறினால் குற்றம் நம்முடையது. ‘கடத்தல் தடை’ துல்லியம்தான், ஆனால் தங்கம் பிடித்த செய்தி போல இருக்கிறது. ‘துடிப்புத்தடை’ என்று நானே முதலில் எழுதினேன், துடிப்பே நின்றுவிட்டதாகப் படுகிறது என்று வீட்டில் அடித்துவிட்டார்கள்.

‘இதய மின்தடை’ என்றால் என்ன? மின்தடை யாருக்கும் விளக்க வேண்டாத சொல். மேல்மாடியில் கரண்ட் இருக்கிறது, கீழே வரவில்லை. கீழ்வீடு இன்வெர்ட்டரில் ஒரு ஃபேனை மெதுவாகச் சுற்றவிடுகிறது. கீழறை தன் சொந்த வேகத்தில் துடிப்பதும் இதேதான். இயற்பியலில் மின்தடை என்பது வேறு பொருள் என்று ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ‘இதய’ என்ற முன்னொட்டு இருக்கும்போது யாரும் ஓம் கணக்குப் போடப்போவதில்லை.

ரோ, லா இரண்டையும் மொழிபெயர்க்க வேண்டாம். முதலில் கண்டறியப்பட்ட நோயாளிகளின் பெயர்களில் முதல் இரண்டெழுத்து அவை, ஆய்வகச் சீட்டிலும் அப்படியேதான் வருகின்றன.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘இரவல்’ சிலருக்குக் கொச்சையாகப் படலாம். அப்படியானால் மாற்றுச் சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.